மூணு நாள் வரலைன்னா வீடு தேடிப் போக ஓர் ஆள்

மே மாதம் தேர்வு முடிவு வரும் நேரத்தில் நம் தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களில் விழிப்புணர்வு முகாம்கள் களைகட்டும். ஃபிளெக்ஸ், மைக், ஒரு மணி நேரப் பேச்சு, உறுதிமொழி. மறுநாள் அதைக் கேட்ட ஒரு பிள்ளைக்கு மனசு சரியில்லை என்றால் யாரிடம் போகும்? நம் பிள்ளைகளுக்கு அறிவுரை வேண்டிய அளவு கிடைக்கிறது. சாயங்காலம் போய் உட்கார ஓர் இடமும், மூணு நாள் வரவில்லை என்றால் வீடு தேடி வரும் ஒரு பெரியவரும்தான் கிடைக்கவில்லை.

பென்னாகரம், அரூர், அஞ்செட்டி, ஊத்தங்கரை பக்கம் எத்தனையோ வீடுகளில் அப்பா அம்மா பெங்களூரு கட்டட வேலையில் இருக்கிறார்கள், இல்லையென்றால் திருப்பூர் பனியன் கம்பெனியில். பிள்ளை ஆயாவிடம் வளர்கிறது. தளி பக்கம் அவ்வாவிடம். களி கிண்டிப் போட ஆள் உண்டு. பதினைந்து வயசுப் பிள்ளையின் குழப்பத்தை உட்கார்ந்து கேட்கத்தான் அந்த வயசான மனுஷிக்குத் தெம்பில்லை.

ஊருக்கு ஒரு மாலை மையம் போதும். ஆனால் எந்த இடம் என்பதில் கோட்டை விட்டால் எல்லாம் போச்சு. கோயில் மண்டபத்தில் வைத்தால் காலனிப் பிள்ளைகள் வாசலோடு நின்றுவிடுவார்கள். ஒரு சாதிக்காரர் வீட்டுத் திண்ணையிலும் அதே கதைதான். 2012 நவம்பரில் சாதிக் கலவரத்தில் நத்தம், கொண்டம்பட்டி, அண்ணா நகர் காலனிகள் எரிந்தது நம் தருமபுரி மாவட்டத்தில்தான். இரண்டு தெருப் பிள்ளைகளும் கூச்சமில்லாமல் நுழையும் இடம் பொது இடமாகத்தான் இருக்க முடியும்: பள்ளி வராந்தா, பூட்டிக் கிடக்கும் ஊராட்சி நூலகம், சமுதாயக் கூடம்.

நேரம் ஐந்தரை முதல் ஏழு. அதற்கு மேல் போனால் முதலில் வராமல் நிற்பது பெண்பிள்ளைகள்தான். வழியில் எந்தக் கம்பத்தில் விளக்கு எரியவில்லை என்று முதல் நாளே நடந்து பார்த்துக் குறித்துக்கொள்ளுங்கள். இருபது பிள்ளைகளுக்குப் பெரியவர்கள் இரண்டு பேர், அதில் ஒருவராவது பெண். ஒரே ஆளை நம்பித் தொடங்கினால் அவருக்கு ஓசூர் சிப்காட்டில் வேலை கிடைத்த அன்றே மையத்துக்குப் பூட்டு. பதினெட்டு வயசுப் பிள்ளைகள் இரண்டு பேரையும் தொடக்கத்திலிருந்தே பொறுப்பில் பழக்குங்கள்.

வாரம் மூன்று நாள் சுண்டல். ஆளுக்கு 30 கிராம் கணக்கில் இருபது பேருக்கு 600 கிராம் கொள்ளு அல்லது தட்டைப்பயறு. காலையில் ஊறப்போட்டால் மாலைக்குச் சரியாக இருக்கும். மகளிர் குழுவில் முறை வைத்துச் செய்யலாம். யார் சமைக்கிறார்கள் என்று பார்த்துவிட்டுப் பிள்ளையை அனுப்பாத வீடுகள் வரும். அதற்காகச் சமைப்பவரை மாற்றவே மாற்றாதீர்கள். அன்று வளைந்தால் அப்புறம் நிமிர முடியாது.

வருகைக் குறிப்பேடுதான் எல்லாவற்றுக்கும் உயிர். 40 பக்க நோட்டு போதும். பெயர், வகுப்பு, வீட்டில் யார் இருக்கிறார்கள், பெங்களூரில் இருக்கும் அப்பாவின் செல் நம்பர். மூன்று நாள் தொடர்ந்து வராத பிள்ளையின் வீட்டுக்கு நான்காம் நாள் ஒருவர் போக வேண்டும். போய் "ஏன் வரல?" என்று விசாரிக்கக் கூடாது. "பாப்பா, நேத்து உன்னைத் தேடினோம்" என்றால் போதும், மற்றது தானாக வரும்.

பத்தாம் வகுப்புத் தேர்வு முடிந்த கையோடு ஒரு பெண்பிள்ளை வருவது நின்று, வீட்டில் உறவுக்காரர் நடமாட்டம் கூடினால், அது கல்யாணப் பேச்சாக இருக்கலாம். அன்றைக்கே குழந்தைகள் உதவி எண் 1098-க்குச் சொல்லுங்கள். சொன்னவர் பெயர் வெளியே வராது. மாவட்ட சமூக நல அலுவலர்தான் குழந்தைத் திருமணத் தடுப்பு அலுவலர். முகூர்த்தத்தன்று சொன்னால் பந்தலில் சண்டைதான் மிஞ்சும். பத்து நாள் முன்னே சொன்னால் வீட்டாரிடம் உட்கார்ந்து பேச நேரம் கிடைக்கும். நிறுத்தியதோடு கடமை முடிந்தது என்று நினைப்பதுதான் பெரிய தவறு. இரண்டு மாதம் கழித்து வேறெங்கோ ஒரு கோயிலில் சத்தமில்லாமல் தாலி ஏறிவிடும். அந்தப் பிள்ளை பதினொன்றாம் வகுப்பில் சேர்ந்ததா, பஸ் இல்லாத ஊரென்றால் விடுதியில் இடம் கிடைத்ததா என்பதுவரை பார்க்க வேண்டும். அரசுப் பள்ளியில் ஆறிலிருந்து பன்னிரண்டு வரை படித்துவிட்டுக் கல்லூரி போனால் புதுமைப் பெண் திட்டத்தில் மாதம் 1000 ரூபாய். இதை அம்மாவிடம் மட்டும் சொல்லாமல் அப்பாவிடமும் சொல்லுங்கள்.

பையன்களைச் சேர்க்க விளையாட்டைவிட நல்ல வழி எனக்குத் தெரியவில்லை. படிப்பை விட்டு ஓசூர் போய் ஞாயிற்றுக்கிழமை ஊர் திரும்பும் பையனும் கைப்பந்துக்கு வருவான். 18 மீட்டருக்கு 9 மீட்டர் களம், சுற்றிலும் 3 மீட்டர் காலி இடம். 11 அடி இரும்புக் குழாய் இரண்டு, அதில் இரண்டரை அடி மண்ணுக்குள், சுற்றிலும் கான்கிரீட். ஆண்கள் வலை உயரம் 2.43 மீட்டர், பெண்களுக்கு 2.24. ஒரே கம்பத்தில் இரண்டு உயரத்துக்கும் கொக்கி வைத்து வெல்டு செய்யச் சொல்லுங்கள். இந்தச் சின்ன வேலையைச் செய்யாமல் விட்டுவிட்டுத்தான் பெண்பிள்ளைகள் விளையாட வருவதில்லை என்கிறோம். அணியைச் சீட்டுக் குலுக்கிப் பிரிக்க வேண்டும். விட்டால் தெருவுக்கு ஓர் அணி, அதாவது சாதிக்கு ஓர் அணி ஆகிவிடும், ஒரு பந்துக்காக ஊரே மல்லுக்கு நிற்கும். பந்து, வலைக்குக் கைக்காசு போடுமுன் ஊராட்சியில் கேளுங்கள். 2024-இல் கலைஞர் விளையாட்டு உபகரணங்கள் திட்டத்தில் வந்த பொருள்கள் பல இடங்களில் அலமாரியிலேயே இருக்கின்றன.

நல்ல மையங்கள் படுத்துப்போகும் விதம் பெரும்பாலும் ஒன்றுதான். கேரம் போர்டைப் பெரிய பையன்கள் பிடித்துக்கொள்வார்கள், சின்னதுகள் விலகும். இல்லாவிட்டால் யாராவது அதை டியூஷனாக மாற்றி மார்க் பட்டியல் ஒட்டுவார்கள், மார்க் வராத பிள்ளை நின்றுவிடும். யாருக்காக ஆரம்பித்தோமோ அந்தப் பிள்ளை அது. தேர்தலில் நிற்கப்போகிறவர் படம் வாசலில் ஏறினாலும் பாதித் தெரு வராது.

தேர்வு முடிவு நாளைத் தனியாகத் திட்டமிடுங்கள். பெரியவர் ஒருவருக்கு நான்கு பிள்ளைகள் என்று பிரித்து, முந்தின நாள் மாலையே வீட்டுக்குப் போய் வந்துவிட வேண்டும். தோட்டத்துப் பூச்சி மருந்தைப் பூட்டி வைத்துச் சாவியை யாராவது பெரியவர் வைத்துக்கொள்ளச் சொல்லுங்கள். ஜூன், ஜூலையில் துணைத் தேர்வு உண்டு, இந்த வருஷமே மேலே சேரலாம் என்பதை முடிவு வருமுன்பே சொல்லுங்கள். பிள்ளை பேச்சு ஒரு மாதிரி இருந்தால், "சாகணும்னு தோணுதா தம்பி?" என்று நேராகவே கேளுங்கள். கேட்பதால் அந்த எண்ணம் புதிதாக வராது. ஆமாம் என்றால் தனியாக விடாமல் பக்கத்திலேயே இருந்து மனநல உதவி எண் 14416 அல்லது மருத்துவ உதவி எண் 104-க்கு அழையுங்கள். 14416 இலவசம், எந்த நேரமும் எடுப்பார்கள், தமிழில் பேசலாம்.

இடமும் விளக்கும் கேட்க கிராம சபைதான் சரியான வழி. ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1. வாயால் கேட்டால் காற்றோடு போகும். எந்தக் கட்டடம், எந்தக் கம்பம் என்று எழுதி, பிள்ளைகளின் பெற்றோர் கையெழுத்தோடு கொடுங்கள். அது தீர்மானப் பதிவேட்டில் ஏறியதைக் கண்ணால் பார்த்து, எண்ணைக் குறித்துக்கொண்டு வாருங்கள். அடுத்த சபையில் அந்த எண்ணைச் சொல்லிக் கேளுங்கள்.