லயத்துக்காரருக்குக் கோட்டையில் என்ன வேலை?

லயங்களில், அதாவது தோட்டத் தொழிலாளரின் வரிசை வீடுகளில், வாழும் எங்கள் பிள்ளைகள் இலங்கை மலையகத்தின் ஹல்துமுல்லைக் கோட்டையில் சிரமதானமாக, கூலியில்லாமல், செடி கொடி வெட்டினார்கள்; அந்தப் படங்கள் இணையத்தில் வந்தபோது கீழே சிலர் அதைக் குறை சொல்லிக் கருத்து எழுதினார்கள். "தோட்டத்துப் பிள்ளைகள் முதலில் தங்கள் லயத்துக் கூரையைத் திருத்தட்டும், வெள்ளைக்காரன் சுவரைப் பிறகு பார்க்கலாம்" என்று எழுதியவர் படித்தவர், கொழும்பில் இருப்பவர், நம்மவர். நம்மவர் என்பதுதான் உறுத்துகிறது.

நான் சொல்ல வருவது ஒன்றுதான்: பக்கத்தில் வாழ்பவனுக்குப் பழைய சுவரைப் பேணும் உரிமை உண்டு, அதற்கு அவன் யாரிடமும் தகுதிச் சான்றிதழ் காட்ட வேண்டியதில்லை.

"வெள்ளைக்காரன் சுவர்" என்ற வாதத்துக்கு நீண்ட பதில் தேவையில்லை. தாழ்நிலத்திலிருந்து ஊவாவுக்கு ஏறும் வழியில் போர்த்துக்கேயர் கோட்டை என்று அறியப்படும் இடம் அது. 1630இல் போர்த்துக்கேயத் தளபதி கொன்ஸ்டன்டினோ டி சா பதுளையை எரித்துவிட்டுத் திரும்புகையில், தன் படையில் இருந்த லஸ்கரின் எனப்படும் உள்ளூர் வீரர்களே கட்சி மாறிவிட, வெல்லவாயவை அண்டிய ரந்தெனிவெலயில் கண்டிப் படையிடம் சிக்கிப் படையோடு அழிந்தான். போர்த்துக்கேயர் இந்த மலையில் தோற்ற கதையையும் சேர்த்துத்தான் அந்தக் கற்களைப் பார்க்க வேண்டும்.

அந்தக் கருத்துகளில் வந்த அடுத்த வாதம், "தெரியாதவர்கள் கைவைத்தால் கெட்டுவிடும்" என்பது. இதில் நியாயம் இருக்கிறது. 1940ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கத் தொல்பொருட்கள் கட்டளைச் சட்டம் சும்மா வரவில்லை. அனுமதி இல்லாமல் ஒரு கல்லையும் நகர்த்தக் கூடாது. பழைய சுண்ணாம்புச் சாந்தில் சீமெந்தைப் பூசினால் ஈரம் உள்ளே தங்கிச் சுவர் உதிரும் என்பதும் உண்மை. ஆனால் எங்கள் பிள்ளைகள் அங்கே சீமெந்து மூட்டையோடு போகவில்லை. அனுமதி பெற்று, அதிகாரிகள் சொன்னபடி, செடி கொடியை மட்டும்தான் வெட்டினார்கள். கல்லிடுக்கில் முளைத்த மரத்தை வேரோடு பிடுங்கினால் கல்லும் கூடவே வந்துவிடும், அடியில் அறுத்து வேரை விட்டுவிட வேண்டும் என்பதை அவர்களுக்கு யாரும் இரண்டாம் முறை சொல்லவில்லை. என் அப்பா ஆயுள் முழுவதும் கவ்வாத்துக் கத்தி பிடித்தவர். எந்தக் கிளையை எங்கே வெட்டினால் செடி சாகாது என்று இருட்டிலும் சொல்வார். பட்டம் இல்லாத அந்த அறிவை "தெரியாதவர்கள்" என்ற ஒரு சொல்லால் துடைத்துவிட்டீர்கள், மிக்க நன்றி.

லயத்துக்கு வருவோம். கூரை ஒழுகுவது எங்களுக்குத் தெரியாதா? 2014 ஒக்டோபரில் மண்சரிவு லயங்களை மூடிய மீரியபெத்தைத் தோட்டம் இதே ஹல்துமுல்லைப் பிரதேசத்தில்தான் இருக்கிறது. வீட்டுக்கும் காணிக்கும் போராடுகிறவர்களும் கோட்டையில் புல் வெட்டியவர்களும் வேறு வேறு ஆட்கள் அல்லர். வாகனம் பிடித்து வந்து அதே கோட்டையில் படம் எடுக்கும் நகரத்தாரிடம், உங்கள் வீட்டுக் கூரை சரியா என்று எவரும் கேட்டதில்லை. 1948இல் மலையகத் தமிழரான எங்கள் குடியுரிமையைப் பறித்தபோது இந்த நாட்டோடு உங்களுக்கு என்ன தொடர்பு என்று கேட்டார்கள். இன்று நம்மவரே, கொஞ்சம் மெருகான தமிழில், அதையே கேட்கிறார்.

அந்தக் கருத்துக்கு இதயக்குறி இட்டவர்களில் சிலர் எங்கள் தோட்டப் பாடசாலையில் என்னோடு ஒரே வாங்கில் இருந்து படித்தவர்கள். அவர்களுக்கு இங்கே பதில் எழுதப் போவதில்லை. தீபாவளிக்கு ஊருக்கு வருவார்கள், நேரிலேயே கேட்டுக்கொள்கிறேன்.