பெயர் பொருந்தினால் மட்டும் போதாது

காட்டேஜ் புக் செய்ய அட்வான்ஸ் கேட்டால், "முதல்ல ஒரு ரூபாய் அனுப்பிப் பாருங்க, ஓனர் பெயர் சரியா வந்தா மீதியைத் தைரியமா போடலாம்" என்று ஒருவர் சொல்லியிருக்கிறார். ஊட்டி, கொடைக்கானலில் காட்டேஜ் பிடிப்பவர்கள் தயவுசெய்து இதை நம்பிப் பணம் போடாதீர்கள். யுபிஐ-யில் தெரிவது வங்கிக் கணக்கு யார் பெயரில் இருக்கிறது என்பது மட்டும்தான். காட்டேஜ் யாருடையது என்று வங்கிக்குத் தெரியாது. மோசடி செய்கிறவர்கள் கமிஷன் கொடுத்து வேறொருவர் கணக்கை வாங்கி வைத்துக்கொண்டு, அந்தப் பெயரையே ஓனர் பெயராகச் சொல்வார்கள். பெயர் பொருந்தத்தான் செய்யும்.

பணம் கேட்கிற விதத்தைப் பாருங்கள். ஏர்பிஎன்பி மாதிரி அறை புக் செய்யும் தளத்தில் பேசிக்கொண்டிருக்கும்போதே "கமிஷன் மிச்சம், வாட்ஸ்அப்புக்கு வாங்க" என்றால் அங்கேயே நிறுத்துங்கள். வெளியே கட்டிய பணத்துக்குத் தளத்தின் பாதுகாப்பு கிடையாது. இதைவிட மோசமானது அடுத்த கட்டம்: அட்வான்ஸ் போட்ட பிறகு, "தொகை பதிவாகல, ரீஃபண்டுக்கு இதை ஸ்கேன் பண்ணுங்க" என்று ஒரு க்யூஆர் வரும். யுபிஐ பின் நம்பர் அடித்தால் உங்கள் பணம் போகும். பணம் வருவதற்கு அந்த நம்பர் தேவையே இல்லை.

கூகுள் மேப்ஸில் இருக்கும் காட்டேஜ் நம்பரும் போலியாக இருக்கலாம். வீடியோ காலில் வாசல் போர்டிலிருந்து அறை வரை நிறுத்தாமல் நடந்து காட்டச் சொல்லுங்கள்; சாக்குச் சொன்னால் விட்டுவிடுங்கள்.

ஏற்கெனவே பணம் போட்டு ஏமாந்திருந்தால், அந்தப் பரிவர்த்தனையின் 12 இலக்க யுடிஆர் எண்ணோடு உடனே சைபர் மோசடிப் புகார் எண்ணான 1930-க்கு அழையுங்கள், வங்கிக்கும் சொல்லுங்கள். பணம் அடுத்தடுத்த கணக்குகளுக்கு மாறுவதற்குள் முடக்கினால்தான் மீட்க வழியுண்டு.