கொடைக்கு யார் காசு?

மணல் திருட்டைப் பற்றிப் பேச்செடுத்தாலே "லாரிக்காரனை விட்டுட்டு மாட்டு வண்டிக்காரனைப் பிடிக்கிறாங்க, பாவம், வயித்துப் பொழப்பு" என்று சொல்ல ஒருத்தர் வந்துவிடுவார். சரி, பொய் இல்லை. பிடிபட்ட வண்டி காவல் நிலைய வாசலில் கிடந்து மட்கிப் போவதை எல்லோரும்தான் பார்க்கிறோம். ஆனால் அந்தப் பொழப்பு ஊரை என்ன செய்திருக்கிறது என்று யாரும் பேசுவதில்லை.

தாமிரபரணிக் கரையையே எடுத்துக்கொள்ளுங்கள். தோழர் நல்லகண்ணு போட்ட வழக்கில் 2010இல் உயர் நீதிமன்ற மதுரைக் கிளை மணல் அள்ளத் தடை விதித்தது. அதற்கப்புறமும் ராத்திரி வேலை நிற்கவில்லை. வண்டி போக முடியாத இடத்தில் சாக்கில் கட்டி பைக்கில் ஏற்றுகிறார்கள். பாலத்துச் சுவரில் ஒரு பையன் போனும் கையுமாக உட்கார்ந்திருப்பான், ஜீப் திரும்பினால் ஒரு மிஸ்டு கால், அவ்வளவுதான் அவன் வேலை. பத்தாவது படிக்கிற வயசு. விடிய விடிய முழித்தவன் காலையில் எந்தப் பள்ளிக்கூடத்துக்குப் போவான்? வீட்டில் கேட்கவும் மாட்டார்கள், அரிசி பருப்பே அவன் காசில் என்று ஆகிவிட்டது.

இதைவிட எனக்கு ஆத்திரம் வருவது கோயில் கொடையில்தான், எங்கள் பக்கம் கோயில் திருவிழாவுக்கு அதுதான் பேர். முன்பெல்லாம் தலைக்கட்டு வரி போட்டு, வீடு வீடாகக் கேட்டு, தராதவரோடு மல்லுக்கட்டித்தான் கொடை நடக்கும். இப்போது வரி பாக்கி வைத்தவரைக்கூட யாரும் கேட்பதில்லை, பந்தல், மைக்செட், வில்லுப்பாட்டு எல்லாமே மணல்காரர் உபயம். முதல் மாலையும் அவருக்குத்தான். மணல் போன ஆற்றில் தண்ணீர் நிற்காது, உறைகிணறு வற்றுகிறது, குடத்தோடு பெண்கள் அலைகிறார்கள், எல்லாம் எல்லோருக்கும் தெரியும். மாலையும் கழுத்துமாக நிற்கிறவரிடம் போய் அதை யார் சொல்வது?

சொன்ன ஒருவர் இருந்தார். இதே தாமிரபரணிக் கரையில், முறப்பநாட்டில் கிராம நிர்வாக அலுவலர் லூர்து பிரான்சிஸ். மணல் கடத்தலைப் பற்றிப் புகார் கொடுத்தார் என்பதற்காக 2023 ஏப்ரல் 25 அன்று பட்டப்பகலில், அவருடைய அலுவலகத்திலேயே வைத்து வெட்டிக் கொன்றார்கள். அதே ஆண்டு செப்டம்பரில் இரண்டு பேருக்கு ஆயுள் தண்டனை கிடைத்தது, நம்ம ஊரில் இது அதிசயமான வேகம்தான். ஆனால் அரசாங்க நாற்காலியில் உட்கார்ந்தவருக்கே இந்தக் கதி என்றால், அரை ஏக்கர் வாழை வைத்திருக்கிறவர் வாயைத் திறப்பாரா?

வண்டிக்காரருக்குப் பிழைப்பு வேண்டுமா, காவிரி, கொள்ளிடம் பக்கம் மாட்டு வண்டிக்கென்று தனிக் குவாரி விட்டார்களே, அப்படி எந்த ஆறு தாங்கும் என்று பார்த்துக் கேளுங்கள், நானும் கையெழுத்துப் போடுகிறேன். இதற்கும் என்னை ஊர்த்துரோகி என்று கமெண்ட் எழுத வருகிற அண்ணாச்சிமார், இந்த வருசக் கொடைக்கு நீங்கள் எவ்வளவு வரி கொடுத்தீர்கள் என்பதையும் சேர்த்தே எழுதுங்கள்.