டயரில் பவளம் வளரவில்லை
"பழைய டயர்களைக் கடலில் இறக்கினால் பவளப்பாறை வளரும், ஃப்ளோரிடாவில் செய்து காட்டிவிட்டார்கள்" என்று எழுதியிருக்கிறீர்கள். இறக்கியது உண்மை, வளர்ந்தது என்பது தவறு. 1970-களில் ஃப்ளோரிடாவின் ஃபோர்ட் லாடர்டேல் நகரக் கரைக்கு அப்பால் சுமார் 20 லட்சம் டயர்களைப் போட்டார்கள். டயர்களைச் சேர்த்துக் கட்டியிருந்த இரும்புக் கொக்கிகளை உப்புநீர் அரித்துவிட்டது, நைலான் பட்டைகளும் அறுந்தன. அப்புறம் நடந்ததுதான் கொடுமை. தண்ணீருக்குள் டயருக்கு எடை ரொம்பக் குறைவு, புயலடித்தால் உருளும். அப்படி உருண்டு போய், பக்கத்தில் உயிரோடு இருந்த இயற்கைப் பவளத்தையே மோதி நொறுக்கின. ஆடிக்கொண்டே இருக்கும் ரப்பரில் இளம் பவளம் எப்படி ஒட்டும்? 2007 முதல் ராணுவ முக்குளிப்பு வீரர்கள் இறங்கி ஆயிரக்கணக்கில் அள்ள வேண்டியிருந்தது. செயற்கைப் பாறையே கூடாது என்று சொல்லவில்லை. மன்னார் வளைகுடாவில் வான் என்ற தீவருகே செயற்கைப் பாறையாக இறக்கியது டயரை அல்ல, எளிதில் உருளாத கனமான கான்கிரீட் கட்டமைப்புகளை. தயவுசெய்து டயர் யோசனையை நம் கடற்கரைக்குப் பரிந்துரைக்காதீர்கள்.