அந்தப் பதினெட்டாவது கிலோமீட்டர்

"இந்தப் பாதை உங்களுக்குப் பிடித்திருந்ததா? ஐந்து நட்சத்திரத்தில் எத்தனை தருவீர்கள்?"

காலையில் கண்ணைத் திறந்ததும் போனில், சைக்கிள் பாதை காட்டும் ஆப்பிடமிருந்து இப்படி ஒரு விசாரிப்பு. முள் கீறின கெண்டைக்கால் எரிச்சல் இன்னும் அடங்கவில்லை. வாசலில் கழற்றிப் போட்ட ஷூவில் சேறு காயவில்லை. அதற்குள் பிடித்திருந்ததாவாம்.

மலை, காடு, சரளைப் பாதையில் ஓட்டுகிற கிராவல் சைக்கிள் என்று ஒரு தடவையாவது கிளம்பிப் போனவர்கள், எந்த ஆப், எந்தப் பாதை என்று கேட்க மாட்டார்கள். உங்களுக்கும் ஒரு பதினெட்டாவது கிலோமீட்டர் இருந்திருக்கும். என்னுடையதைச் சொல்கிறேன், மனசு ஆறட்டும்.

போட்டிருந்தது என்ன? 46 கி.மீ. ஏற்றம் 780 மீட்டர். தரை: சரளை. சிரமம்: நடுத்தரம். பதினெட்டாவது கிலோமீட்டரில் 1.4 கி.மீ. நீள ஏற்றம், சராசரி 7 சதவீதம். கீழே பாதையைப் பதிந்த புண்ணியவான் கைப்பட ஒரு வரி: "ஓரிடத்தில் கொஞ்சம் இறங்கித் தள்ள நேரலாம்."

கொஞ்சம். அந்தச் சொல்லைப் பிடித்துக்கொள்ளுங்கள்.

வயிற்றெரிச்சல் என்னவென்றால், அந்தச் சராசரியில் பொய்யே இல்லை. முதல் 900 மீட்டர் 2 சதவீதம், பேசிக்கொண்டே மிதிக்கலாம். மிச்சம் 500 மீட்டரில் 80 மீட்டர் உயரம். அதாவது 16 சதவீதம். இரண்டையும் கலந்தால் ஏழு வரத்தான் செய்யும். ஒன்பது நாள் பட்டினி போட்டு, பத்தாம் நாள் பத்து நாள் சாப்பாட்டையும் வாயில் திணித்துவிட்டு, "தினசரி அளவு சரியாகத்தானே இருக்கிறது" என்று கேட்பவனை என்ன செய்வீர்கள்?

ஏற்றத்தின் படம் வேறு குழந்தை வரைந்த குன்று மாதிரி வழவழவென்று இருந்தது. பல வரைபடங்கள் இன்றைக்கும் நம்பிக்கொண்டிருப்பது, 2000 பிப்ரவரியில் என்டவர் விண்வெளி ஓடம் 11 நாள் பூமியைச் சுற்றி ரேடாரில் அளந்த உயரங்களைத்தான். நுணுக்கமானது என்று தருவதே ஏறத்தாழ 30 மீட்டருக்கு ஒரு புள்ளி. அடர்ந்த காடு என்றால் அந்த ரேடார் தரையைத் தொடாமல் இலை கிளையிலேயே பெரும்பாலும் திரும்பிவிடும். ஆக, திரையில் நான் பார்த்து ரசித்தது மலையை அல்ல, மரத் தலைகளை. குரங்குக்கு வேண்டுமானால் அது நடுத்தரமான பாதை.

சரி, சம்பவத்துக்கு வருகிறேன். 900 மீட்டர் முடிந்தது. ஒரு வளைவு. வளைந்தால் கல்.

சரளை என்றார்களே, அது இல்லை. ஜல்லி. மரம் ஏற்றும் லாரிக்காகப் புதிதாகக் கொட்டின கல், ரோலர் ஏறாத கல். ஒன்றரை அங்குல ஜல்லியே பரவாயில்லை என்று சொல்ல வைக்கும் அளவு. ஜான் லௌடன் மெக்காடம் என்ற ஸ்காட்லாந்துக்காரர் இருநூறு வருஷத்துக்கு முன்பே இதற்கு விதி வைத்துவிட்டுப் போயிருக்கிறார். வண்டிச் சக்கரத்தின் இரும்புப் பட்டை சுமார் 100 மி.மீ. அகலம், அதனால் சாலையின் மேலடுக்கில் 20 மி.மீ.க்கு மேல் கல் கூடாது, நம் கணக்கில் முக்கால் அங்குல ஜல்லி. கல் சக்கரத்தைவிடச் சின்னதாக இருக்க வேண்டும், அவ்வளவுதான் சங்கதி. என் டயர் 40 மி.மீ. அங்கே கிடந்ததெல்லாம் என் முஷ்டி அளவு.

முன்னால் 40 பல், பின்னால் 42 பல், இதற்குக் கீழே கியர் இல்லை. உட்கார்ந்து மிதித்தேன்; முன் சக்கரம் தூக்கிக்கொண்டு இடப்பக்கம் பார்த்தது. எழுந்து நின்று மிதித்தேன். எடை முன்னால் போனதும் பின் சக்கரம் இருந்த இடத்திலேயே சுற்றியது. உட்காரவும் முடியாமல் நிற்கவும் முடியாமல் நடுவில் ஒரு கோலத்தில் எட்டு மீட்டர் போயிருப்பேன். அப்புறம் விழுந்தேன்.

வேகமாக விழுந்தால் ஒரு கௌரவம் உண்டு. இது அப்படி இல்லை. சைக்கிள் நிற்கிறது. பெடலோடு பூட்டிக்கொள்கிற ஷூ, நான் அதில் மாட்டியிருக்கிறேன். காலைக் கழற்று, கழற்று என்று மூளை சொல்கிறது, கால் கேட்கவில்லை. மரம் வெட்டினால் சாய்வது மாதிரி, நிதானமாக, சுற்றுப்புறத்தைப் பார்த்துக்கொண்டே சாய்ந்தேன். முட்செடியை முழுசாகப் படித்து முடித்துவிட்டுத்தான் அதில் விழுந்தேன்.

எழுந்து மறுபடி ஏறப் பார்த்தேன். 16 சதவீதத்தில் பெடலில் கால் மாட்ட வேண்டுமென்றால் சைக்கிள் ஓட வேண்டும். சைக்கிள் ஓட வேண்டுமென்றால் பெடலில் கால் மாட்ட வேண்டும். இந்தத் தத்துவத்தை நான்கு முறை செய்துபார்த்தேன். நான்காவது முறை வலப்பக்கம் விழுந்தேன், ஒரு மாறுதலுக்கு.

பிறகு தள்ளல். தள்ளுவது என்றால் பூங்காவில் தள்ளிக்கொண்டு போவது இல்லை. ஷூவின் அடியில் இரும்பு. கல்லில் வைத்தால் வழுக்கும். இரண்டு அடி மேலே போனால் ஒரு அடி கீழே. பெடல் சுற்றி வந்து முழங்காலுக்குக் கீழே எலும்பில் சரியாக ஒரே இடத்தில் தட்டும், வட்டி வசூலிக்க வந்தவன் கதவைத் தட்டுவது மாதிரி. பிரேக்கைப் பிடித்து, இரண்டு அடி ஏறி, சைக்கிளை இழுத்து, மறுபடி பிரேக்கைப் பிடித்து... இப்படியே போகையில் குறுக்கே விழுந்து கிடக்கிறது ஒரு மரம். அடியில் நுழைய முடியாத தாழ்வு, மேலே தாண்ட முடியாத உயரம். சைக்கிளை முதலில் அந்தப் பக்கம் போட்டேன். அது சறுக்கி இந்தப் பக்கமே வந்தது.

அப்போதுதான் ஹேண்டில்பாரில் இருக்கிற ஜி.பி.எஸ். மகாராஜா வாயைத் திறந்தார்: "பாதையை விட்டு விலகிவிட்டீர்கள்." எங்கே விலகினேன்? எப்படி விலகுவேன்? இரண்டு பக்கமும் சரிவு. மரக்கூட்டத்துக்கு அடியில் சிக்னல் கொஞ்சம் தள்ளாடியிருக்கும், அதற்குப் பழி என் மேல்.

இந்தக் கோடு எப்படி வரைபடத்துக்குள் வந்திருக்கும் என்று யோசிக்க எனக்கு நேரம் நிறையவே இருந்தது. வானத்திலிருந்து எடுத்த படத்தைப் பார்த்து யாரோ வரைந்திருக்க வேண்டும். இந்தப் பக்கம் ஒரு பாதை மரத்துக்குள் போகிறது. அந்தப் பக்கம் ஒன்று வெளியே வருகிறது. நடுவில் ஒன்றும் தெரியவில்லை, சேர்த்து ஓர் இழுப்பு. யார் வேண்டுமானாலும் திருத்தலாம் என்கிற ஓப்பன்ஸ்ட்ரீட்மேப் வரைபடத்தில் காட்டுப் பாதைகளுக்கு, கெட்டியான தரையிலிருந்து பொதபொத மண் வரை, ஐந்து தரம் வைத்திருக்கிறார்கள். நல்ல ஏற்பாடுதான், யாராவது நிரப்பினால். நிரப்பாத இடத்தைப் பார்த்த ஆப், "தெரியாது" என்று சொல்லக் கூச்சப்பட்டு, "சரளை" என்று சொல்லிவிட்டது. ஏட்டுச் சுரைக்காய்.

இந்த இடத்தில் ஒருவர் வருவார், எனக்குத் தெரியும். "50 மி.மீ. டயர் போட்டிருக்கலாமே?" வாருங்கள் ஐயா. 35 போதும் என்று சொன்னதும் நீங்கள்தான். பிறகு 38, பிறகு 40 என்றதும் நீங்கள்தான். இப்போது 50. அடுத்து முன்னால் ஷாக் போடச் சொல்வீர்கள். அதற்கு மலைச் சைக்கிள் என்று பெயர், அது ஏற்கெனவே இருக்கிறது. அமெரிக்காவின் கான்சஸில் 2006 முதல் ஒரு 200 மைல் கிராவல் பந்தயம் நடக்கிறது. டயரைக் கிழிக்கிற கல்லுக்குப் பேர்போன அந்த மேட்டுநிலத்துக்குப் பெயரே பிளின்ட் ஹில்ஸ், சிக்கிமுக்கிக் கல் குன்றுகள். பெயரிலேயே எச்சரிக்கை. அது யோக்கியம். "நடுத்தரம்" யோக்கியமா?

மேலே போய்ச் சேர்ந்தேன். 500 மீட்டருக்கு 38 நிமிடம். அங்கே ஒரு தடுப்புக் கட்டை, அதில் ஒரு பலகை. என் பக்கம் வெறும் பலகை. தாண்டிப் போய்த் திரும்பிப் பார்த்தேன்: "மர வேலை நடக்கிறது. பாதை மூடப்பட்டுள்ளது." மேலிருந்து இறங்குபவர்களுக்கு மட்டும் சொன்னால் போதும் என்று முடிவு செய்திருக்கிறார்கள். கீழிருந்து எவன் ஏறப்போகிறான் என்று நினைத்திருப்பார்கள். நியாயம்தான்.

இதெல்லாம்கூடப் போகட்டும். வீட்டுக்கு வந்து பதிவைப் பார்த்தபோதுதான் நிஜமாகவே ரத்தம் கொதித்தது. அந்த ஏற்றத்துக்கு நான் எடுத்துக்கொண்ட நேரம் ஒன்பது நிமிடமாம்! எப்படி? வேகம் ரொம்பக் குறைந்தால் தானாகவே கடிகாரத்தை நிறுத்திவிடும் வசதி. நான் விழுந்தது, தள்ளியது, மரத்தோடு மல்லுக்கட்டியது எதையுமே அது ஓட்டமாகச் சேர்க்கவில்லை. அதன் கணக்கில் நான் அங்கே ஓய்வெடுத்துக்கொண்டிருந்தேன். எனக்கு முன்னால் போனவர்கள் எல்லோரும் இப்படித்தான் "ஓய்வெடுத்து" ஏறியிருப்பார்கள். அத்தனை பேர் பதிவும் சேர்ந்து அந்தக் கோடு வரைபடத்தில் செக்கச்செவேலென்று ஜொலிக்கிறது, பலரும் விரும்பும் பாதை என்று. இப்போது என்னுடையதும் சேர்ந்து இன்னும் ஒரு சொட்டுச் சிவப்பு.

பதிவை அழித்துவிடலாம் என்று உள்ளே போனால், அடியில் ஒரு நண்பர்: "அருமை! அடுத்த வாரம் நாங்களும் போகிறோம். பாதையை அனுப்புங்கள். கஷ்டமா?"

ரொம்ப நேரம் சிரித்துக்கொண்டிருந்தேன், விலா எலும்பு வலிக்கிற வரை. அது ஏற்கெனவே வலித்துக்கொண்டுதான் இருந்தது. அப்புறம் பாதையை அனுப்பினேன். "நடுத்தரம்தான். ஓரிடத்தில் கொஞ்சம் தள்ள வேண்டியிருக்கும்."

கையோடு அந்த மகாராஜாவுக்கு சார்ஜ் போடலாம் என்று பார்த்தால், வீட்டில் எல்லாப் பொருளும் புதுக் கேபிளுக்கு மாறிவிட்டன, இதற்கு மட்டும் இன்னும் பழைய மைக்ரோ யூ.எஸ்.பி. எப்படிச் சொருகினாலும் முதல் தடவை சேராத அந்தச் சனியன். இருந்தது ஒன்றே ஒன்று. அதை யார் எடுத்தது?