4 கோடி வரியும் உங்கள் கணினியில் ஓடுவதில்லை

“லினக்ஸ் கர்னல் 4 கோடி வரி, அத்தனையும் நம் கணினியில் ஓடுகிறது” என்று ஒருவர் எழுதியிருக்கிறார் (கர்னல் என்பது இயங்குதளத்தின் மைய நிரல்). எண் கிட்டத்தட்ட சரிதான். அதற்குச் சொன்ன பொருள்தான் தவறு.

அந்த 4 கோடி, கர்னல் மூலநிரலின் எல்லாக் கோப்புகளிலும் உள்ள வரிமுறிவுகளை எண்ணினால் வரும் கணக்கு. வெற்று வரி, கமென்ட் (நிரலுக்குள் எழுதும் விளக்கக் குறிப்பு), ஆவணங்கள், ஆர்ம் சிப் கொண்ட பலகைகளின் வன்பொருளை விவரிக்கும் டிவைஸ் ட்ரீ கோப்புகள் எல்லாம் அதில் அடக்கம். ஏஎம்டி கிராபிக்ஸ் டிரைவர் அடைவைத் திறந்து பாருங்கள்: பல லட்சம் வரிகள் வெறும் ரெஜிஸ்டர் (சிப்புக்குள் இருக்கும் சிறு சேமிப்பிடம்) பெயரும் எண்ணும். கருவி உருவாக்கியவை, யாரும் உட்கார்ந்து எழுதியதல்ல.

எண்ணும்போது இன்னொரு பொறி உண்டு. பட்டியலை இன்னொரு கட்டளைக்குக் கொடுக்கும் ‘எக்ஸ்ஆர்க்ஸ்’ (xargs) வழியாக, வரி எண்ணும் ‘டபிள்யூசி’க்குக் (wc) கோப்புகளை அனுப்பினால், பட்டியல் நீளமாக இருப்பதால் அது பல தவணையாகப் பிரியும், தவணைக்கு ஒரு கூட்டுத்தொகை வரும். கடைசி வரியை மட்டும் எடுத்தால் கடைசித் தவணையின் கணக்குத்தான் கிடைக்கும். கோப்புகளை ஒன்றாகக் கொட்டி (‘கேட்’ – cat – கட்டளை) எண்ணுங்கள். வெற்று வரி, கமென்ட், நிரல் என்று தனித்தனியாக வேண்டுமானால் ‘க்ளாக்’ (cloc) என்ற கருவி போதும். பில்டுக்குப் (மூலநிரலை ஓடும் நிரலாக மாற்றுவது) பிறகு எண்ணினால் உருவான கோப்புகளும் சேர்ந்துவிடும் என்பதால், கிட் (git, நிரல் மாற்றங்களைப் பதிந்துவைக்கும் கருவி) கண்காணிக்கும் கோப்புகளை மட்டும் கொடுங்கள்.

உங்கள் கர்னலில் எவ்வளவு சேர்ந்தது என்பது, எந்தப் பகுதிகள் வேண்டும் என்று குறிக்கும் கான்ஃபிக் கோப்பைப் பொறுத்தது. பில்டு முடிந்ததும் எந்தக் கோப்புகள் பில்டு ஆயின என்று பட்டியலிடும் ‘கம்பைல் கமாண்ட்ஸ்’ ஜேசன் கோப்பை (compile_commands.json) உருவாக்கி, அதில் வரும் சி மொழிக் கோப்புகளை மட்டும் எண்ணிப் பாருங்கள். ஹெடர்கள் (பல சி கோப்புகள் பகிரும் அறிவிப்புக் கோப்புகள்) அதில் வராது. மாட்யூலாக (தேவைப்படும்போது கர்னலில் ஏற்றும் தனித் துண்டாக) பில்டு ஆனவையும் அந்தப் பட்டியலில் இருக்கும். ஆனால் ஏற்றினால்தான் அவை நினைவகத்துக்கே வரும்.