வெறும் காகிதமாம்

கல்லூரிக்கே போக வேண்டாம் என்று ஒருவர் பேசிய அந்த மேடைப் பேச்சைப் பற்றி எழுதக் கூடாது என்றுதான் இருந்தேன். இரண்டு நாளாக ஆளாளுக்கு அதே வீடியோவை அனுப்புகிறீர்கள். சரி, எழுதிவிடுகிறேன்.

"பட்டம் வெறும் காகிதம். பில் கேட்ஸ் முடித்தாரா? ஸக்கர்பெர்க் முடித்தாரா?" ஒரே கைதட்டல். பள்ளி முடிக்கப்போகும் பிள்ளைகளிடம் போயா இதைச் சொல்வது? பின்னால் தொங்கிய பேனரில் அவர் பெயரோடு இரண்டு பட்டங்கள் இருந்தன. அதுவும் காகிதம்தான் போல.

முடிக்கவில்லைதான். ஆனால் போனார்கள் ஐயா! கேட்ஸ் 1973இல் ஹார்வர்டில் சேர்ந்தார். பின்னாளில் மைக்ரோசாஃப்டை நடத்திய ஸ்டீவ் பால்மர் அவருக்குப் பழக்கமானதே அங்கே விடுதியில்தான். ஸக்கர்பெர்க் 2004இல் ஃபேஸ்புக்கைத் தொடங்கியதும் ஹார்வர்டு விடுதி அறையில்தான், கூட நின்றவர்கள் உடன் படித்தவர்கள். ஸ்டீவ் ஜாப்ஸ் ரீட் கல்லூரியில் ஒரே பருவத்தோடு படிப்பை விட்டார். ஆனால் வளாகத்தை விடவில்லை. எழுத்தழகுக் கலை வகுப்பில் போய் உட்கார்ந்தார். ஆப்பிளின் மேக் கணினியில் இருந்த எழுத்துருக்கள் அங்கிருந்து வந்தவை என்று 2005இல் அவரே சொன்னார். உள்ளே போனவன்தானே பாதியில் வெளியே வர முடியும்?

"பட்டம் வாங்கியவனுக்கெல்லாம் வேலை கிடைத்துவிட்டதா?" என்று ஒருவர் வருவார். இல்லை. நானே 14 மாதம் சும்மா இருந்தவன். கடன் வாங்கிப் படித்துத் தவிப்பவர்களும் உண்டு, அதை மறுக்க எனக்கு வாய் வராது. அப்படியானால் எந்தப் படிப்பு, எவ்வளவு கடன் என்று பிள்ளையோடு உட்கார்ந்து கணக்குப் போடுங்கள். போகவே வேண்டாம் என்பது என்ன கணக்கு? "கைத்தொழில் கேவலமா?" நான் எப்போது அப்படிச் சொன்னேன்?

எங்கள் வீட்டில் முதலில் கல்லூரிக்குப் போனவன் நான். என் முதல் கட்டுரைக்கு ஆசிரியர் மதிப்பெண்ணே போடவில்லை. ஓரத்தில் பென்சிலால், "இது உனக்கு எப்படித் தெரியும்?" என்று மட்டும் எழுதியிருந்தார். அதுவரை யாரும் என்னைக் கேட்காத கேள்வி. அன்று கோபம்தான் வந்தது. அந்த அரங்கில் கைதட்டியவர்களில் ஒருவராவது அதைக் கேட்டிருக்கலாம்.

என் அக்கா என்னைவிட நன்றாகப் படிப்பாள். "படிச்சு என்ன கிழிக்கப்போறே" என்று நிறுத்திவிட்டார்கள். அதே வசனம்தான், மைக் மட்டும் புதுசு. கையெழுத்து அழகாக இருக்கும் என்று என் கல்லூரி விண்ணப்பத்தை நிரப்பிக் கொடுத்ததும் அவள்தான்.

அவளுக்கும் யாரோ அந்த வீடியோவை அனுப்பியிருக்கிறார்கள். நேற்று போனில், "நல்லாத்தான்டா பேசுறார்" என்றாள்.